இணைச்சீருக்கு வேறொரு அக்கா

ஆறுமுகத்துக்கு,

சுகம் விசாரிக்கிற இரண்டு வரியை இந்தக் கடிதத்தின் தலையில் தேடாதே. எழுதவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய், அதற்கு வேண்டியவர்களைத்தான் சுற்றி வைத்திருக்கிறாயே. உன் கவர் வியாழக்கிழமை வந்தது. உள்ளே பெண் வீட்டார் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்று, நீ எழுதிய காகிதம் ஒன்று. பத்திரிகைக்கு மஞ்சள் தடவி உன் அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். நீ எழுதிய காகிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஐந்து நாளாக அதை எடுத்துப் படிப்பதும் மடித்து வைப்பதுமாக இருக்கிறேன். ‘இணைச்சீருக்கு அக்காவைச் சிரமப்படுத்த வேண்டாம். மலையிலிருந்து இறங்கி வந்து உடம்பு தேறாமல் இருப்பார்கள். நம் கூட்டத்தைச் சேர்ந்த அம்மாள் ஒருவர் கோயமுத்தூரிலேயே இருக்கிறார், ஸ்டோர் கிளார்க்கின் சம்சாரம், அவரை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று மாமா அபிப்பிராயப்படுகிறார்.’ அபிப்பிராயப்படுகிறாராம்! உனக்கு ஒரு அக்கா உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பதில் அபிப்பிராயம் சொல்ல, உனக்குப் பெண் கொடுக்கப்போகிற அந்த மனுஷன் யார்? கேட்டுக்கொண்டு வந்து அதை எனக்கு எழுத நீ யார்?

இணைச்சீர் என்றால் என்ன என்று கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு எழுதிக் காட்டவேண்டி வந்ததே, என் தலையெழுத்து. மணவறைக்குப் போவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவனுடைய அக்காளோ தங்கையோ உட்காருவாள். பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையை அவள்தான் கூடையில் வைத்துக் கொண்டுவருவாள். அதன் ஒரு தலைப்பு அவன் கையில், மறு தலைப்பு அவள் கையில். அப்படி இருக்கும்போது, எனக்கொரு பெண் பிறந்தால் உன் மகனுக்குக் கொடுக்கிறேன் என்று அவன் அவளுக்கு வாக்குக் கொடுக்கவேண்டும். கல்யாணம் ஆகிப் போனாலும் பிறந்த வீட்டில் உன் பாத்தியதை அறுந்துபோகவில்லை என்று ஒரு பெண்ணுக்கு ஊரறியச் சொல்லுகிற இடம் அது ஒன்றுதான். கூடப் பிறந்தவள் இல்லாதவன் தன் குலக் கூட்டத்தில் அக்காள் முறையாகிறவளை உட்கார வைத்துக்கொள்வான், அது வழக்கம்தான். அந்த வழக்கத்தை உன் மாமனார் எவ்வளவு சாமர்த்தியமாகப் பிடித்திருக்கிறார் பார். உன் அக்கா ராமாத்தாளை இல்லாதவளாக்கிவிட்டால் கதை முடிந்தது. அதற்கு நீ தலையாட்டினாய்.

அவள் உடம்புக்காகவாம். வெள்ளிக்கிழமை உன் மாமனாரின் தம்பி இங்கே வந்தார். வெற்றிலை, பழம் எல்லாம் மரியாதையாகக் கொண்டுவந்தார், நானும் மரியாதையாகத்தான் உட்கார வைத்தேன். ராமாத்தாளுக்குக் காய்ச்சல் போய்விட்டது, பஸ்ஸில் வரத் தாராளமாக முடியும் என்று நான் சொன்னதும் மனுஷன் நெளிந்தார். நானும் விடவில்லை. கடைசியில், ஆனைமலையில் வண்டி ஓட்டுகிற ராமாத்தாளின் புருஷனைக் குறித்துத்தான் வாயைத் திறந்தார். “தப்பா நெனச்சுக்காதீங்க. நாளைக்கு ஒரு பொண்ணு பொறந்தா எஸ்டேட்டு வண்டிக்காரன் ஊட்டுக்கா குடுக்கறதுங்க? சபையில வாக்குக் குடுத்துப்போட்டா அப்பறம் எப்படீங்க மாத்தறது?” இன்னும் கர்ப்பத்திலேயே வராத ஒரு பெண்ணுக்காக, இருக்கிற பெண்ணை வெளியே தள்ளுகிறீர்கள். இந்தக் காரணம் உனக்குத் தெரியாது என்று மட்டும் பதில் எழுதாதே. தெரிந்ததனால்தான் உடம்பு, சிரமம் என்று நாலு நல்ல வார்த்தைகளைப் போட்டு மூடி எழுதியிருக்கிறாய். சிறுவயதில் பொய் சொல்லும்போது கையெழுத்து அழகாக வரும் உனக்கு. இந்தக் காகிதத்திலும் அழகாகத்தான் இருக்கிறது.

உன்னைப் பந்தாட்டக்காரன் ஆக்கியது யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்? பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரா? அவர் நீ ஓடுவதைப் பார்த்தார், அவ்வளவுதான். உன்னைக் கோயமுத்தூருக்குப் படிக்க அனுப்பியது நான், தாலுக்கா ஆபீசில் ஒரு நாற்காலியில் உட்காருவாய் என்று. நீ சனிக்கிழமை சனிக்கிழமை தோட்டத்துக்கு வருவாய், முழங்காலெல்லாம் சிராய்ப்பு, டிராயர் கிழிசல். பையில் புஸ்தகம் இருக்காது. நான் சாட்டைக் கோலை எடுக்கும்போதெல்லாம் நடுவில் வந்து நின்றது ராமாத்தாள். ஒரு தடவை உனக்கு விழவேண்டிய அடி அவள் தோளில் விழுந்தது. அதற்கும் அவள் அழவில்லை, “ஆட்டத்துக்குப் போறவன்னா உழுந்து எந்திரிக்கத்தானுங்கப்பா செய்வான்” என்றாள். உன் டிராயரை நான் பார்ப்பதற்கு முன்னால் தைத்து வைப்பாள். பழைய சேலையை நீளநீளமாகக் கிழித்து, கஞ்சியில்லாமல் அலசி, சுருட்டி உன் பையில் போட்டு அனுப்புவாள், கணுக்காலில் சுற்றிக்கொண்டு ஆட. அவளுக்குப் பந்தாட்டம் என்றால் எத்தனை பேர் ஆடுவது என்றுகூடத் தெரியாது. ஒரு ஆட்டத்தைக்கூட அவள் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை.

நீலகிரியிலிருந்து பட்டாளத்துக்காரர்கள் இறங்கி வந்து உங்கள் பள்ளிக்கூடத்தோடு ஆடினார்களே, அந்த ஆட்டத்தைப் பற்றி இப்போதும் கோயமுத்தூரில் பேசுகிறார்களாம். அவர்கள் காலில் பூட்ஸ், உங்கள் காலில் ஒன்றுமில்லை. உன் பெருவிரல் நகம் முழுசாகப் பெயர்ந்துபோய், அதே காலால் நீ கோல் போட்டாய். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதி முழுக்கச் சுற்றினார்கள். அது எனக்குச் சந்தையில் யாரோ சொல்லித்தான் தெரியும். வந்த கோபத்தில் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஹெட்மாஸ்டர் பார்க்க உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. நீ தேறவில்லை. அந்த அறைக்கு நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. வருத்தப்படவேண்டியது வேறொன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

பரீட்சையில் தேறாதவனை மில்காரர்கள் தேடி வந்தார்கள். ஒவ்வொரு மில்லும் ஒரு பந்தாட்டக் கோஷ்டி வைத்துக்கொண்டு மீசையை முறுக்கிக்கொண்டிருந்த காலம். உனக்கு டைம் ஆபீசில் வேலை என்று பேர், வேலை என்னவோ காலையில் இரண்டு மணிநேரம் ஒரு ரிஜிஸ்தரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது. மத்தியானத்துக்கு மேல் மைதானம். இடது ஓரத்தில் ஓடுகிற லெஃப்ட் அவுட் ஆறுமுகம் என்றால் சாயந்திரம் ஷிப்ட் விடுகிற கூட்டம் வீட்டுக்குப் போகாமல் நிற்கும் என்றார்கள். பஞ்சுத் தூசியில் பன்னிரண்டு மணிநேரம் நின்றவர்கள் நிற்பார்கள், நீ வெள்ளைச் சட்டையில் ஓடுவாய். இது உழைப்பு இல்லை என்று நான் சொன்னபோது உனக்கு ரோஷம் வந்தது. நாலு மாதம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

இந்த ஆட்டத்தை நான் வெறுத்தேன் என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அது பாதிதான் நிஜம். மீதியை இப்போது சொல்லுகிறேன். காளை வாங்க அந்தியூர்ச் சந்தைக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் ஒரு மாட்டுத் தரகன் என்னைத் திரும்பிப் பார்த்து, பந்தாட்ட ஆறுமுகத்தோட அப்பாருங்களா என்று கேட்டான். நான் ஆமாம் என்று சொல்லி முடிப்பதற்குள் பத்துப்பேர் கூடிவிட்டார்கள். கயிற்றுக்கட்டில் போட்டு உட்காரச் சொன்னார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். நீ எந்தக் காலால் அடிப்பாய், என்ன சாப்பிடுவாய் என்றெல்லாம் கேட்டார்கள். ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்க்காத நான், எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவனைப் போலப் பதில் சொன்னேன். வாய் கூசவில்லை. நகம் பெயர்ந்த கதையை நானே இரண்டு தடவை சொன்னேன், நான்தான் மருந்து வைத்துக் கட்டினேன் என்று கூடச் சேர்த்துக்கொண்டேன். காளை வாங்காமலே திரும்பி வந்தேன். அன்றிலிருந்து எனக்கு அந்த ருசி பிடித்துப்போய்விட்டது.

அந்த ருசியோடுதான் உன்னிடம் உதவி கேட்டு வந்தேன். ராமாத்தாளைக் கட்டிய மாப்பிள்ளை சென்னியப்பனின் கிணறு இரண்டு வருஷமாக வற்றிக் கிடந்தது. சென்னிமலைப் பக்கம் மழையே கிடையாது, மாட்டை விற்றுச் சாப்பிடுகிற நிலைமை. உன் மச்சானுக்கு ஒரு வேலைக்குச் சொல்லு என்றேன். நீ ஒரு வார்த்தை சொன்னாய், மறுவாரம் அவர் பஞ்சு சிக்கெடுக்கிற கார்டிங் பகுதியில் வேலைக்கு நின்றார். அதை நான் மறைக்கவில்லை. ராமாத்தாள் மில் ஆட்கள் குடியிருக்கிற லைனில் ஒரு அறைக்குக் குடிவந்தாள். மண்ணை நம்பி இருந்த மனுஷனை உன் காலை நம்பி வாழ வைத்தேன். உன் கால் எந்த மில்லுக்காக ஓடுகிறதோ அந்த மில்லில்தான் அவருக்குச் சோறு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்புறம் நீ பழைய மில்லுக்கு வாங்கிக்கொடுத்த அந்தக் கோப்பை. பைனல் ஆட்டத்தில் நீ இரண்டு கோல் போட்டு, தோற்றுப்போன மில்காரர்களே உன்னைத் தட்டிக்கொடுத்தார்களே, அன்றைக்கே உன்னை இழுக்கிற வேலை ஆரம்பமாகிவிட்டது. எங்களிடம் வா, நீதான் கேப்டன், மேஸ்திரி வேலை, அதற்கொரு கோட்டு, தனி வீடு என்றார்கள். ஒரு மாதத்தில் நீ தாவினாய். நீ அந்தப் புது மில்லுக்கு முதல் தடவையாக ஆடிய மறுநாள் காலை, சென்னியப்பனைப் பழைய மில்லின் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். காரணம்கூடச் சொல்லவில்லை. உள்ளே மாட்டியிருந்த துண்டை எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டாராம், அதற்கும் விடவில்லை. மற்ற மில்களுக்கும் ஆள் போய்ச் சொல்லியாயிற்று, எந்தக் கேட்டிலும் அவரைச் சேர்க்கவில்லை.

உன் புது மில்லில் நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நீ கேட்டிருந்தால் அவர்கள் தலைகீழாக நின்று செய்திருப்பார்கள். வந்ததும் வராததுமாக எப்படிக் கேட்பது, டோர்னமென்ட் முடியட்டும் என்றாய். டோர்னமென்ட் முடிந்தது, கேட்கவில்லை. அடுத்த சீஸன் ஆகட்டும் என்றாய். அவர் நாலு மாதம் கையைக் கட்டிக்கொண்டு என் தோட்டத்தில் இருந்தார். மாமனார் வீட்டுச் சோறு எப்படி இறங்கும் என்று உனக்கு இனிமேல்தான் தெரியப்போகிறது. ஒருநாள் காலையில் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆனைமலைக்கு வண்டி ஓட்டப் போய்விட்டார். சொந்தமாக நிலம் வைத்திருந்த குடியானவர், எஸ்டேட்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு அட்டைக்கடியில் நடந்தார். மலைக்காய்ச்சல் வந்தது, முதலில் அவருக்கு, பிறகு பிள்ளைக்கு, கடைசியில் ராமாத்தாளுக்கும். போன மாதம் ராமாத்தாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தபோது என் மகள் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குள் போய்விட்டாள்.

அடுத்த சீஸனில் உன் முழங்கால் போயிற்று. அந்த ஆட்டத்தைப் பற்றி நான் சந்தோஷமாக எழுதப்போகிறேன் என்று நினைக்காதே. எவனோ ஒருத்தன் பந்தை விட்டுவிட்டு உன் காலை உதைத்தான், சத்தம் மைதானத்துக்கு வெளியே கேட்டதாம். கட்டுப்போடுகிற வைத்தியரிடம் மூன்று மாதம் கிடந்தாய். மில்காரர்கள் முதல் வாரம் ஆரஞ்சுப்பழத்தோடு வந்தார்கள், அப்புறம் வரவில்லை. உன் இடத்தில் ஆட வேறொருத்தனைப் பாலக்காட்டிலிருந்து கொண்டுவந்துவிட்டார்கள். நீ எழுந்து நடந்தாய், ஆனால் ஓட முடியவில்லை. இருபத்தைந்து வயதில் உன் ஆட்டம் முடிந்துபோயிற்று. கோஷ்டிக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் என்று பேர் வைத்து ஒரு ஸ்டூலைப் போட்டார்கள். அதே மில்லின் ஸ்டோர் சூப்பரண்டுக்கு மாப்பிள்ளையாகிவிட்டால் அந்த ஸ்டூலுக்கு முதுகு முளைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மில்லில் உன்னைப்போல எத்தனையோ பையன்கள் இனி உன் கைக்கு வருவார்கள். முதலாளி காலுக்குத்தான் சம்பளம் கொடுக்கிறான், ஆளுக்கு இல்லை என்று அவர்களிடமாவது சொல்லு. உனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. இருந்த ஒருத்தனும் டீக்கும் கயிற்றுக்கட்டிலுக்கும் மயங்கிப்போய்விட்டான்.

வருத்தப்படவேண்டியது வேறொன்று என்றேன் அல்லவா, அதை எழுதாமல் உன்னை மட்டும் ஏசிவிட்டுக் கவரை ஒட்டினால் நான் உன்னைவிடக் கேவலமானவன். நீ மில் மாறுவதற்குப் பத்து நாள் முன்னால், பழைய மில்லிலிருந்து ஒரு குமாஸ்தா சைக்கிளில் நம் தோட்டத்துக்கு வந்தார். நல்ல மனுஷன், நேராகச் சொன்னார். “பையனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க கவுண்டரே. அவன் அந்தப் பக்கம் போனா, அடுத்த நாளே உங்க மாப்பிள்ளை வெளியிலதானுங்க. மேனேஜர் சொல்லிப்போட்டாரு.” நான் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். உன்னிடம் சொல்லவில்லை. சென்னியப்பனிடம் சொல்லவில்லை. ராமாத்தாளிடம் சொல்லவில்லை. கேப்டனுக்கு அப்பன் என்று அடுத்த சந்தையில் எப்படிப் போய் நிற்பேன் என்பதுதான் என் மண்டையில் இருந்தது. மகனா, மருமகனா என்று ஒரு நிமிஷம் மனசில் வந்தது. மருமகன் இன்னொருத்தன் பெற்ற பிள்ளை என்று தள்ளிவிட்டேன். நேற்று வரை இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. இத்தனை நாளும் உனக்குத் தெரியாமல் நடந்தது, பாவம் பையன் என்ன செய்வான் என்று உனக்காக ராமாத்தாளிடமே பரிந்து பேசியிருக்கிறேன். என் குற்றம் வெளியே வராமல் இருக்க உன்னை நல்லவனாக்கி வைத்திருந்தேன்.

உன் கடிதமும் உன் மாமனாரின் தம்பி பேசிய பேச்சும் சேர்ந்து என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டன. நேற்று காலையில் ராமாத்தாள் களத்தில் உட்கார்ந்து பருத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் உன் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். கை நிற்காமல் கேட்டுக்கொண்டாள். பிறகு குமாஸ்தா வந்த கதையைச் சொன்னேன், எழுத்துத் தவறாமல். என்னைக் காறித் துப்புவாள் என்றுதான் இருந்தேன். துப்பியிருந்தால் தேவலை. அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“அது எனக்கு அப்பவே தெரியுமுங்கப்பா. தம்பி எங்கிட்ட வந்து கேட்டானுங்க. மச்சானுக்கு வேல போயிரும்ங்கறாங்க, நான் போகட்டுமா வேண்டாமான்னு. நாந்தான் போன்னு சொன்னன்.”

ஏன் சொன்னாய் அம்மணி என்று கேட்டேன். “அந்த ஆட்டம் எத்தன நாளைக்குங்க? கால் ஓடற வரைக்குந்தானே. அவருக்குன்னா மில்லு போனா வேற வேல. இவனுக்கு இது போனா வேற ஒண்ணும் தெரியாதுங்களே.” சென்னியப்பனுக்குத் தெரியுமா என்றேன். அவருக்கு இன்றைக்கும் தெரியாதாம். கேட்டில் நிறுத்தப்பட்டு வெறுங்கையோடு அவர் லைனுக்குத் திரும்பி வந்தபோது, ஒன்றும் அறியாதவளைப் போல, ஏனுங்க இத்தனை சீக்கிரம் வந்துட்டீங்க என்று கேட்டாளாம். கட்டின புருஷனிடம் இத்தனை வருஷம் ஒளித்து வைத்திருக்கிறாள், உனக்காக.

ஆறுமுகம், இதைக் கேட்ட பிறகு உன்மேல் எனக்கிருந்த கோபம் பழைய கோபம் இல்லை. நீ விவரம் தெரியாமல் தாவினாய் என்று நினைத்திருந்தேன். நீ போய்க் கேட்டிருக்கிறாய். அவள் கொடுத்திருக்கிறாள். தன் வீட்டுச் சோற்றையே எடுத்துக் கொடுத்தாள், நீ வாங்கிக்கொண்டாய். அதற்குப் பிறகும் அவள் புருஷனுக்காக உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவர் வண்டிக்காரன் ஆனது உன்னால். அவர் வண்டிக்காரன் என்பதால் அவர் பெண்டாட்டிக்குச் சபையில் இடமில்லை என்கிறாய். நாக்கில் நரம்பு இருக்கிறதா உனக்கு? நான் செய்தது துரோகம்தான், ஒத்துக்கொண்டேன், அவள் காலடியில் உட்கார்ந்து ஒத்துக்கொண்டேன். அந்தத் துரோகத்தில்கூட நான் அவளிடம் எதையும் கேட்டு வாங்கவில்லை. நீ கேட்டு வாங்கினாய்.

கல்யாணத்துக்கு முன்னால் தகப்பன் மகனுக்குச் சொல்லவேண்டியது என்று நாலு விஷயம் உண்டு. எனக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. இந்தக் கதையைக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடு. நீ சொல்லாவிட்டால் ஒருநாள் வேறு யாராவது சொல்வார்கள், அன்றிலிருந்து நீ என்ன சொன்னாலும் அவள் காதில் பாதிதான் ஏறும். நான் உன் அம்மாவிடம் நேற்று சாயந்திரம்தான் சொன்னேன். அவள் எனக்குச் சாப்பாடு போட்டாள், பேசவில்லை. இன்றைக்கும் பேசவில்லை. உனக்கும் அவள் ஒன்றும் எழுதச் சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இணைச்சீருக்கு என்ன செய்வது என்று ராமாத்தாளையே கேட்டேன். உன் இஷ்டம் அம்மணி, வேண்டாம் என்றால் நாம் யாருமே போகவேண்டாம் என்றேன். ஆய்ந்த பருத்தியை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து நின்று சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், படி. “வருவனுங்கப்பா. ஆனா அவங்கிட்ட வாக்கு வாங்க வேண்டாமுங்க. சீர் பண்ணி வெக்கற அருமைக்காரர் கேக்கறப்ப, நானே எந்திரிச்சு வேண்டாம்னு சொல்லிப்போடறன். அந்த ஊட்டுப் பொண்ண எம் பையனுக்குக் கேட்டு நான் எந்தக் காலத்துலயும் போய் நிக்க மாட்டன். ஆனா அவம் பக்கத்துல உக்கார்றது நாந்தான். அத மட்டும் யாருக்கும் உட்டுத்தர மாட்டன்.”

எதற்குப் பயந்து அவளைத் தள்ளி வைத்தீர்களோ, அதை அவளே வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டாள். உன் மாமனாரிடம் போய்ச் சொல்லு, அவர் பேத்திக்கு ஆபத்து நீங்கிவிட்டது. இனி ராமாத்தாளைக் கூப்பிடாமல் இருக்க உனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை, வெட்கத்தைத் தவிர. அந்த வெட்கத்தோடேயே வா. கடிதம் போடாதே, ஆள் அனுப்பாதே. வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நீயே வந்து, உன் வாயால் அவளைக் கூப்பிடு. அவள் புருஷனையும் கூப்பிடு, மலையிலிருந்து அவரும் அதற்குள் இறங்கி வந்துவிடுவார். நீ வந்தால் நாங்கள் எல்லோரும் ஒரே வண்டியில் வருகிறோம்.

வராவிட்டால் ஒன்றும் குறைந்துபோகாது. அக்காள் இடத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்த உன் மாமனாரிடமே சொல்லி, தகப்பன் இடத்துக்கும் கோயமுத்தூரிலேயே ஒருத்தரைப் பார்த்துக்கொள்.